கம்பத்தோடு நிற்கும் ஃபைபர்

ஆந்திரத்தின் குப்பம் ஊரில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் தலைக்கு மேலே கறுப்பு கேபிள் ஓடுகிறது. மின்கம்பத்துக்கு மின்கம்பம் இழுத்துக் கட்டி, அங்கங்கே ஒரு சுருள் மிச்சம் விட்டு, நாலைந்து கம்பத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பாக்ஸ் மாட்டியிருக்கிறார்கள். அந்தப் பாக்ஸ் வரைக்கும் ஃபைபர் வந்துவிட்டது. அங்கிருந்து வீட்டுக்குள் வர முப்பது அடி, நாற்பது அடி கேபிள் போதும். சொந்த வீட்டுக்காரர் போன் செய்தால் ஆள் வந்து அளவெடுத்து வேலையை முடித்துவிட்டுப் போகிறார். வாடகைக்கு இருப்பவர் போன் செய்தால் அந்த ஆள் கேட்கும் முதல் கேள்வி வேறு: “ஓனர் ஓகே சொல்லிட்டாங்களாக்கா?”

இந்தக் கேள்வியிலேயே எத்தனையோ வீடுகளின் இணைப்பு நின்றுபோகிறது. ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு மாடி போர்ஷனில் நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம். எங்கள் இணைப்பும் அப்படித்தான் நின்றது.

என் வேலை மெடிக்கல் கோடிங். அமெரிக்க மருத்துவமனைகளின் நோயாளிக் குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டைப் போட வேண்டும். இரண்டாம் வகை சர்க்கரை நோய் என்றால் இ11 என்று தொடங்கும். கால் புண்ணோடு வந்தால் ஒன்று, சிறுநீரகக் கோளாறோடு வந்தால் இன்னொன்று. காப்பீட்டுப் பணம் அந்தக் குறியீட்டை வைத்துத்தான் நகரும். கம்பெனி பெங்களூரில் இருக்கிறது. வாரத்தில் சில நாள் ரயிலில் போவேன், மற்ற நாள் வீட்டிலிருந்து வேலை. நோயாளியின் விவரங்கள் என்பதால் கம்பெனியின் பாதுகாப்பான இணைப்புக்குள் போய்த்தான் எதையும் திறக்க முடியும். மொபைல் சிக்னல் ஒரு நொடி விட்டுப் பிடித்தாலும் அந்த இணைப்பு அறுந்து, மறுபடி கடவுச்சொல், மறுபடி ஓடிபி. பாதி படித்த குறிப்பு மூடிக்கொள்ளும். கணவருக்கு கிரானைட் பாலிஷ் யூனிட்டில் வேலை. மகள் பத்தாம் வகுப்பு. சாயங்காலம் அவளுக்கும் வீடியோ பாடம் உண்டு. ஒரே போனின் ஹாட்ஸ்பாட்டில் இரண்டு பேரும் உட்கார்ந்தால் இரண்டு பேருக்கும் வேலை நடக்காது.

இணைய வசதி என்பது எங்கள் ஊருக்குப் புதிது ஒன்றும் இல்லை. 2002 பிப்ரவரியில் ஹெச்பி நிறுவனமும் அப்போதைய ஆந்திர அரசும் சேர்ந்து, ‘ஐ-கம்யூனிட்டி’ என்ற மூன்றாண்டுத் திட்டத்தைக் குப்பத்தில்தான் தொடங்கின. ஐந்து மண்டலங்களில் தகவல் மையங்கள் திறந்தார்கள். மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்களிடம் டிஜிட்டல் கேமராவும், சூரிய ஒளியில் ஓடும் சின்ன பிரிண்டரும் கொடுத்தார்கள். அவர்கள் ஊர் ஊராகப் போய் அடையாள அட்டைக்குப் படம் எடுத்து, அங்கேயே அச்சடித்துக் கொடுத்துச் சம்பாதித்தார்கள். வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்ற காலத்தில், ஊருக்குப் பொதுவாக ஓர் இடம் இருந்தது. அங்கே போகச் சொந்த வீடு இருக்கிறதா, வாடகை வீடா என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்து வந்தது ஃபைபர். தெருவெல்லாம் பள்ளம் தோண்டிப் புதைக்காமல், மின்கம்பங்களின் மேலேயே கேபிளைக் கட்டிக்கொண்டு போகலாம் என்று ஆந்திர அரசு முடிவு செய்தது. துணை மின் நிலையங்களையே இணைப்பு மையங்களாக்கி, மாநிலம் முழுக்கச் சுமார் 24,000 கிலோமீட்டர் கேபிள் இப்படிப் போனது. செலவும் நாளும் வெகுவாகக் குறைந்தன. 2017 டிசம்பர் 27 அன்று அன்றைய குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் ஆந்திர ஃபைபர்நெட் திட்டத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். டிவி, போன், இணையம் மூன்றும் சேர்த்து மாதம் 149 ரூபாயில் அடிப்படைத் திட்டம் அறிவித்தார்கள். பிறகு தனியார் நிறுவனங்களும் தங்கள் கேபிளைக் கொண்டுவந்தன. இன்று ஒரே கம்பத்தில் நாலு கம்பெனி கேபிள் தொங்குகிறது. போட்டி இருக்கிறது, விலையும் பரவாயில்லை. எங்களைப் போன்றவர்களுக்குத் தடை கம்பத்துக்குப் பிறகுதான் ஆரம்பமாகிறது.

எங்கள் வீட்டு ஓனர் வயதான அம்மா. நாங்கள் பெரியம்மா என்று கூப்பிடுவோம். கீழ் போர்ஷனில் தனியாக இருக்கிறார். மகன் வெளியூரில். வீடு அம்மா பேரில் இருந்தாலும் முடிவெல்லாம் மகன் போனில் சொல்வதுதான். ஃபைபர் போட வேண்டும் என்று நான் சொன்னதுமே பெரியம்மா முகம் மாறிவிட்டது.

“செவுத்துல ஓட்டை போடுவாங்களாமே?”

“சின்னதுதான் பெரியம்மா. சுண்டுவிரல் அளவுகூட இருக்காது.”

“சின்னதோ பெருசோ, தண்ணி எறங்கிச்சுன்னா யாரு பாக்கறது? உனக்கு முன்ன இருந்தவங்க டிஷ் மாட்டறேன்னு மொட்டை மாடியில போல்ட்டு அடிச்சாங்க. அவங்க காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க, இன்னிக்கும் மழை வந்தா அந்த மூலைல ஓதம் ஏறுது. நீயே வந்து பாரு.”

போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மைதான். கீழ் அறையின் கூரையில் ஒரு மூலை முழுக்கப் பழுப்பேறி, சுண்ணாம்பு பொரிந்திருந்தது. பெரியம்மாவின் மறுப்பைப் பிடிவாதம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. யாரோ அவசரத்தில் செய்துவிட்டுப் போன வேலைக்கு அவர் இன்னும் மேஸ்திரியைத் தேடிக்கொண்டிருக்கிறார். ஃபைபர் வேண்டாம் என்று சொல்லும் ஓனர்களில் பாதிப் பேருக்காவது இப்படி ஒரு பழைய காயம் இருக்கும் என்று நினைக்கிறேன். மீதிப் பேருக்கு இருப்பது, கேட்டவுடன் சரி என்று சொல்லிவிட்டால் அடுத்து ஏசி கேட்பார்களோ, இன்வெர்ட்டர் கேட்பார்களோ என்ற பயம். “பையன் வரட்டும், பாக்கலாம்” என்றார் பெரியம்மா. பையன் பண்டிகைக்குத்தான் வருவார்.

ஓனரும் வாடகைக்காரரும் இந்த இடத்தில் முட்டிக்கொள்வதற்கு ஒரு காரணம், உள்ளே வரப்போகும் பொருள் என்ன என்று இரண்டு பேருக்கும் யாரும் காட்டாதது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஃபைபர் என்பது கண்ணாடி இழை. வெளி விட்டம் 125 மைக்ரான், ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அதற்குள் வெளிச்சம் ஓடும் நடுப்பகுதி ஏறக்குறைய 9 மைக்ரான்தான். கம்பத்துப் பாக்ஸில் ஸ்ப்ளிட்டர் என்ற சின்னக் கருவி இருக்கும். வருகிற ஒரே இழையின் வெளிச்சத்தை அது எட்டாக, பதினாறாக, முப்பத்திரண்டாகப் பிரித்து வீடுகளுக்கு அனுப்புகிறது. நமக்கு வரும் தகவல் ஒரு நிற வெளிச்சத்திலும், நாம் அனுப்பும் தகவல் வேறொரு நிற வெளிச்சத்திலும் ஒரே இழையில் எதிரெதிராக ஓடுகின்றன. இரண்டுமே கண்ணுக்குத் தெரியாதவை. அறுந்த முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கக் கூடாது என்று டெக்னீஷியன்கள் பிள்ளைகளை விரட்டுவது இதனால்தான்.

இழையில் மின்சாரம் கிடையாது. கேபிள் வழியாக ஷாக் அடிக்கும், கரன்ட் பில் ஏறும் என்ற பயத்துக்கு இடமே இல்லை. ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் கேபிளில், இழை அறுந்துவிடாமல் தாங்குவதற்குக் கூடவே ஒரு கம்பி வரும். சில கேபிளில் அது இரும்பு, சிலவற்றில் நார்க்கண்ணாடி. மின்கம்பத்தோடு வருவதால் நார்க்கண்ணாடிக் கம்பி உள்ள கேபிளைக் கேட்டு வாங்குவது நல்லது. இரும்புக் கம்பிதான் என்றால், வீட்டுச் சுவரில் கொக்கி போட்டு அந்தக் கம்பியை வெளியிலேயே வெட்டிவிட்டு, இழை இருக்கும் பகுதியை மட்டும் உள்ளே எடுக்கச் சொல்ல வேண்டும். நல்ல டெக்னீஷியன் நாம் சொல்லாமலேயே அப்படித்தான் செய்வார்.

உள்ளே வரும் கேபிளின் பருமன் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். முனையில் கனெக்டர் போட்டு எடுத்து வந்தால் அந்தக் கனெக்டர் நுழையப் பெரிய ஓட்டை வேண்டும். கேபிளை முதலில் நுழைத்துவிட்டு உள்ளே வைத்து கனெக்டர் போட்டால் ஆறு, எட்டு மில்லிமீட்டர் டிரில் போதும். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தாலே பெரியம்மா மாதிரி ஓனர்களின் கவலை பாதி குறையும். அடுத்தது, ஓட்டையின் சாய்வு. உள்பக்கம் கொஞ்சம் மேலேயும் வெளிப்பக்கம் கொஞ்சம் கீழேயும் இருக்கும்படி துளைத்தால் மழைத்தண்ணீர் உள்ளே வர வழியே இல்லை. சுவருக்குள் நுழைவதற்கு முன் கேபிளை ஓட்டைக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிட்டு, பிறகு மேலேற்றி உள்ளே விட வேண்டும். கேபிளில் வழியும் தண்ணீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். கடைசியில் சிலிக்கான் பசையோ வெள்ளை சிமென்ட்டோ வைத்து அடைத்தால் முடிந்தது. ஐந்து நிமிட வேலை. அவசரத்தில் இதைச் செய்யாமல் போகிறவர்களால்தான் அடுத்த வாடகைக்காரருக்குக் கதவு சாத்தப்படுகிறது.

ஓட்டையே இல்லாமலும் வரலாம். எங்கள் வீட்டில் அப்படித்தான் வந்தது. வந்து பார்த்த டெக்னீஷியன் பையன் சமையலறை வென்டிலேட்டரைக் காட்டி, “இதுல வழி இருக்குக்கா, செவுத்தைத் தொடவே வேணாம்” என்றான். சிமென்ட் ஜாலியின் ஒரு கண் வழியாகக் கேபிள் நுழைந்து, அலமாரிக்கு மேலே போய், கூடத்துக்கு வரும். பெரியம்மாவை மாடிக்கு அழைத்து வந்து காட்டினோம். “இதுக்கா இத்தனை பேச்சு” என்றார். மகனிடம் போனில் பேசி வாங்கிய சம்மதத்தை நான் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக்கொண்டேன். கேபிளை எங்கள் செலவில் போடுகிறோம், காலி செய்யும்போது வேண்டாம் என்றால் கழற்றிவிடுகிறோம், சுவரில் ஏதாவது சேதம் இருந்தால் சரிசெய்து தருகிறோம் என்று மூன்று வரி. பெரியம்மாவும் நானும் கையெழுத்துப் போட்டோம்.

அதோடு முடியவில்லை. கேபிள் கம்பத்திலிருந்து எங்கள் மாடிக்கு வரப் பக்கத்து வீட்டு மொட்டை மாடியின் ஓரமாகத் தாண்ட வேண்டும். அவர்கள் வடாம் காயவைக்கும் கொடிக்கு மேலே ஒயர் போகக் கூடாது என்றார்கள். சுற்றிக்கொண்டு வந்தால் கேபிள் நீளம் கூடும், மடிப்பும் கூடும். இழையை இறுக்கி மடக்கினால் வளைவில் வெளிச்சம் வெளியே கசிந்துவிடும். இப்போது வரும் கேபிள்களில் வளைவைத் தாங்கும் இழை இருக்கிறது. ஒரு சென்டிமீட்டர் ஆரம் வரைக்கும் தாக்குப்பிடிக்கும். பழைய வகைக்கு மூன்று சென்டிமீட்டராவது வேண்டும். ஆணியில் ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டிவிட்டுப் போன கேபிள்தான் பிறகு மோடத்தில் சிவப்பு லைட் எரியும் வீடுகளில் பாதிக்குக் காரணம் என்று அந்தப் பையன் சொன்னான்.

அவன் மாடிப்படியில் உட்கார்ந்து இழையை ஒட்டிய காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. மேலுறையைச் சீவி எடுத்து, ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தான். சின்ன வெட்டும் கருவியில் வைத்து முனையை நேராக வெட்டினான். இரண்டு முனைகளையும் ஸ்ப்ளைசிங் மெஷினில் எதிரெதிராக வைத்ததும், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அந்த இழைகள் மெஷினின் திரையில் இரண்டு குழாய்களைப் போலப் பெரிதாகத் தெரிந்தன. மெஷின் தானாகவே நகர்த்திச் சேர்த்து, ஒரு பொறி விட்டது. கோடு மறைந்து இரண்டும் ஒன்றாகிவிட்டன. மகள் படியில் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மீட்டரை மாட்டினான். மைனஸ் 21 என்று காட்டியது. மைனஸ் 27க்குக் கீழே போனால் மோடத்துக்கு வெளிச்சம் போதாது, மூன்று இறங்கினால் வெளிச்சம் பாதியாகக் குறைந்ததாகக் கணக்கு, இது நல்ல அளவு என்றான். ஃபைபர் போட்டதும் இந்த எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எப்போதாவது வேகம் குறைந்தால், பழுது வீட்டுக்குள்ளா கேபிளிலா என்று பேச அது உதவும்.

முகவரிச் சான்றுக்கும் அலைய வேண்டியிருந்தது. எங்கள் ஆதார் வாணியம்பாடி முகவரியில் இருக்கிறது. குப்பம் மூன்று மாநிலம் தொடும் ஊர். இந்தப் பக்கம் போனால் தமிழ்நாடு, அந்தப் பக்கம் போனால் கர்நாடகம். இங்கே வாடகைக்கு இருக்கும் பலருடைய அட்டையில் வேறு மாநிலம்தான் இருக்கும். இந்த வீட்டு முகவரிக்கு வாடகை ஒப்பந்தம் கேட்டார்கள். எங்களைப் போலப் பாதிப் பேர் அட்வான்ஸ் கொடுத்து, வாய்வார்த்தையிலேயே குடியேறியவர்கள். ஒப்பந்தம் போடுகிறவர்களும் பதினோரு மாதத்துக்குத்தான் போடுவார்கள். ஒரு வருடத்துக்கு மேல் போனால் பதிவு செய்தாக வேண்டும் என்ற 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் பொது விதியால் நாடு முழுக்க வந்த வழக்கம் அது. வருடச் சந்தா கட்டினால் சலுகை என்று நிறுவனங்கள் சொல்கின்றன. பதினோரு மாதத்துக்குக் கையில் தாள் வைத்திருப்பவருக்கு அந்தச் சலுகையை நம்பிப் பணம் கட்டத் தைரியம் வராது.

எங்களுக்கு வென்டிலேட்டர் கிடைத்தது, நல்ல மனசுள்ள ஒரு பெரியம்மாவும் கிடைத்தார். இரண்டும் கிடைக்காதவர்களுக்கு என்ன வழி என்று தேடிப் பார்த்தபோது தெரிந்துகொண்டதுதான் என்னை இதை எழுத வைத்தது.

மின்சாரத்துக்கு வழி இருக்கிறது. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, ஓர் இடத்தின் உரிமையாளர் கேட்டாலும் அங்கே குடியிருப்பவர் கேட்டாலும் ஒரு மாதத்துக்குள் இணைப்புத் தர வேண்டும் என்கிறது. ஓனர் சம்மதக் கடிதம் தரவில்லை என்பதற்காக வாடகைக்காரருக்கு மின்சாரத்தை மறுக்க முடியாது, விண்ணப்பித்தவர் அந்த இடத்தில் குடியிருக்கிறாரா என்று மட்டும் பார்த்தால் போதும் என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் திலீப் எதிர் சதீஷ் வழக்கில் தெளிவாகச் சொன்னது. குடியிருப்பவர் என்ற தகுதி ஒன்றே போதுமானது.

இணையத்துக்கு இப்படி ஒரு பிரிவு கிடையாது. 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் கேபிள் போகும் வழியைப் பற்றிப் பேசுகிறது. அதன் கீழ் வந்த வழியுரிமை விதிகள் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கின்றன. பொது இடத்தில் கம்பம் நட, சாலையை வெட்ட, தனியார் நிலத்தில் கேபிள் போட நிறுவனம் எப்படி அனுமதி கேட்க வேண்டும் என்பதெல்லாம் அவற்றில் உண்டு. மாடி போர்ஷனில் வாடகைக்கு இருப்பவர் தன் அறைக்கு ஓர் இழை வேண்டும் என்று கேட்டால் ஓனர் எத்தனை நாளில் பதில் சொல்ல வேண்டும், எந்தக் காரணத்துக்கு மறுக்கலாம் என்பதற்கு அவற்றில் வழி வகுக்கவில்லை.

வாடகைச் சட்டத்தில் கொஞ்சம் வெளிச்சம் தெரிகிறது. மத்திய அரசு 2021இல் மாநிலங்களுக்கு அனுப்பிய மாதிரி வாடகைச் சட்டம், ஓனர் நிறுத்தக் கூடாத அத்தியாவசிய சேவைகளைப் பட்டியலிடுகிறது. தண்ணீர், மின்சாரம், குழாய் எரிவாயு, படிக்கட்டு விளக்கு இவற்றோடு தகவல் தொடர்பு இணைப்புகளையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். தமிழ்நாடு, ஆந்திரம், உத்தரப் பிரதேசம், அசாம் ஆகிய மாநிலங்கள் இதே வழியில் தங்கள் வாடகைச் சட்டங்களைத் திருத்தியிருப்பதாக மத்திய அரசு சொல்லியிருக்கிறது. நல்ல தொடக்கம்தான். ஆனால் அந்தப் பிரிவு உதவுவது, வாடகை தகராறில் ஓனர் கேபிளை வெட்டிவிடும்போது. இன்னும் வராத இணைப்பை வரவழைக்க அதை வைத்து வாதாடலாம், ஆனால் உறுதியாக வெல்லலாம் என்று சொல்ல முடியாது. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவும் உண்டு. நிரந்தரக் கட்டுமானம் எதையும் ஓனர் சம்மதம் இல்லாமல் வாடகைக்காரர் எழுப்பக் கூடாது, தான் பொருத்தியவற்றைக் காலி செய்யும் முன் எடுத்துக்கொள்ளலாம், இடத்தைப் பழைய நிலையில் ஒப்படைக்க வேண்டும் என்பது அதன் சாரம். இரண்டு கிளிப் வைத்த கேபிள் நிரந்தரக் கட்டுமானம் ஆகாது என்பது என் எண்ணம். ஆனால் நாற்பதடி கேபிளுக்காக யார் வக்கீல் வைப்பார்கள்? வழக்குப் போட்டால் அடுத்த மாதம் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள்.

இணையம் ஆடம்பரம் என்று இன்னும் நினைப்பவர்களுக்குக் கேரள உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரில் பதில் சொல்லிவிட்டது. கோழிக்கோடு மாவட்டத்தில் கல்லூரி விடுதியில் தங்கிப் படித்த மாணவி ஒருவர், சாயங்கால நேரத்தில் மொபைல் போன் வைத்திருக்கக் கூடாது என்ற விடுதி விதியை ஏற்காததால் வெளியேற்றப்பட்டார். இணையத்தை அணுகுவது கல்வி உரிமையிலும் தனியுரிமையிலும் அடங்கும் என்று சொல்லி, அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள நீதிமன்றம் உத்தரவிட்டது. அடுத்தவருடைய கட்டடத்தில் தங்கியிருக்கும் ஒருவருக்குக் கிடைத்த தீர்ப்பு என்பதால் எனக்கு அது மிகவும் முக்கியமாகப் படுகிறது.

பிரான்ஸ் நாட்டில் 2008இலேயே ஃபைபர் உரிமை என்று சட்டம் செய்தார்கள். அடுக்குமாடி வீட்டில் வாடகைக்கு இருப்பவர் தன் செலவில் ஃபைபர் போட விரும்புவதாகத் தெரிவித்தால், தகுந்த காரணம் இல்லாமல் உரிமையாளர் தடுக்க முடியாது. ஏற்கெனவே கட்டடத்தில் ஃபைபர் இருக்கிறது என்பது போன்ற காரணங்கள்தான் செல்லும். பிரிட்டன் 2021இல் கொண்டுவந்த சட்டம் இன்னொரு சிக்கலைத் தொட்டது. அடுக்குமாடியில் குடியிருப்பவர் இணைப்புக் கேட்டும், கட்டடத்தின் உரிமையாளர் திரும்பத் திரும்ப அனுப்பிய கடிதங்களுக்குப் பதிலே சொல்லாவிட்டால், நிறுவனம் தீர்ப்பாயத்துக்குப் போய் உள்ளே நுழைய அனுமதி வாங்கலாம். வெளியூரிலிருந்து வர வேண்டிய சம்மதத்துக்குக் காத்திருந்த எங்களைப் போன்றவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

நம் நாட்டில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 அக்டோபரில், கட்டடங்களுக்கு டிஜிட்டல் இணைப்பு வசதியை வைத்து நட்சத்திரத் தரம் கொடுக்கும் விதிமுறையைக் கொண்டுவந்தது. பெங்களூரில், சென்னையில் புது அடுக்குமாடி கட்டுகிறவர்களுக்கு அது உதவும். கீழே ஓனர், மேலே இரண்டு போர்ஷன் என்று கட்டிய குப்பத்து வீடுகளை அது எட்டாது.

ஃபைபருக்குப் பதில் 5ஜி மூலம் காற்றில் வரும் ஏர்ஃபைபர் இணைப்பு 2023இலிருந்து கிடைக்கிறது. ஓட்டை பிரச்சினை தீருமே என்று பலர் கேட்கிறார்கள். பல வீடுகளில் அதன் ஆன்டெனாவை மொட்டை மாடியில் மாட்டி, அங்கிருந்து கேபிளைக் கீழே இறக்க வேண்டியிருக்கிறது. மொட்டை மாடி ஓனருடையது. மறுபடி அதே வாசலில் போய் நிற்க வேண்டும். ஜன்னலோரம் வைத்தாலே சிக்னல் கிடைக்கும் வீட்டுக்கு மட்டும் அது நல்ல வழி.

வாடகைக்கு வீடு பார்ப்பவர்களிடம் நான் இப்போது சொல்வது ஒன்றுதான்: அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் கேளுங்கள். தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை, கரன்ட் மீட்டர் தனியா என்று கேட்கும்போதே, ஃபைபர் கேபிள் எந்த வழியாக வரலாம் என்றும் கேளுங்கள். அந்த நேரத்தில் ஓனருக்கு வீட்டை விட வேண்டிய அவசியம் இருக்கும், நம் பேச்சு எடுபடும். குடிவந்த பிறகு கேட்டால் அதே விஷயம் சலுகை ஆகிவிடும். கேபிள் நுழையும் இடம், செலவு யாருடையது, காலி செய்யும்போது கேபிள் இருக்கலாமா, கழற்ற வேண்டுமா என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஒப்பந்தமே இல்லையென்றால் வெள்ளைத்தாளில் எழுதினாலும் இரண்டு பக்கமும் நிம்மதி. ஓனர்களுக்கும் ஒன்று: கேபிளை அப்படியே விட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள். அடுத்து வருகிறவருக்கு மோடம் மட்டும் மாற்றினால் போதும், உங்கள் சுவரை யாரும் மறுபடி தொட வேண்டியதில்லை.

புதிதாகக் கட்டும் வீடுகளில் இந்தப் பேச்சே தேவையில்லை. கரன்டுக்கு பைப் புதைக்கும்போதே வெளிச்சுவரிலிருந்து ஒவ்வொரு போர்ஷனின் கூடத்துக்கும் தனியாக ஒரு பைப் விட்டு, உள்ளே ஓர் இழுவைக் கயிறும் போட்டு வைத்தால் போதும். கட்டட வரைபடத்துக்கு அனுமதி தரும்போது குப்பம் நகராட்சி இதையும் ஒரு நிபந்தனையாகச் சேர்க்கலாம். மழைநீர் சேமிப்பைச் சேர்த்தது போலத்தான்.

தொலைத்தொடர்பு மத்திய அரசின் கையில் இருந்தாலும், வாடகை மாநிலத்தின் அதிகாரத்தில் வருகிறது. 1989இலிருந்து குப்பத்தின் சட்டமன்ற உறுப்பினராக இருப்பவர் சந்திரபாபு நாயுடு. முதலமைச்சர் பொறுப்பும் இன்று அவரிடம் இருக்கிறது. அவர் தொகுதியில் வாடகைக்கு இருக்கும் ஒரு குடும்பத்தின் சார்பில் நான் கேட்பது இதுதான். மின்சாரச் சட்டம் குடியிருப்பவருக்குக் கொடுத்த இடத்தை ஆந்திர வாடகைச் சட்டம் இணையத்துக்கும் கொடுக்கட்டும். வாடகைக்காரர் எழுதிக் கேட்டால் ஓனர் முப்பது நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். சேதம் வந்தால் வாடகைக்காரர் சரிசெய்ய வேண்டும், செய்யாவிட்டால் அட்வான்ஸில் பிடித்துக்கொள்ளலாம். பெரியம்மாவின் மூலைச் சுவருக்கும் என் மகளின் பாடத்துக்கும் சேர்த்தே பாதுகாப்பு தரும் நாலு வரிகள். இதை மனுவாகத் தெலுங்கிலும் எழுதி வைத்திருக்கிறேன். எங்கள் தெருவில் வாடகைக்கு இருக்கும் மற்றவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன். வீட்டு ஓனர்கள் சிலரும் போட்டிருக்கிறார்கள்.